அயலார் அடுக்களையில் மாணாக்கர்

மேன்மக்கள் சமையற்கட்டை அணுகலாகாது என்பதற்கு மெங்ஸியைச் சான்று காட்டுவது சீனக் கற்றோரிடையே நெடுங்கால வழக்கு. அப்பெரியார் அதைச் சொன்ன இடமும் நோக்கமும் வேறு. பலிக்கு இட்டுச் செல்லப்பட்ட எருது நடுங்குவதைக் காணப் பொறுக்காமல் அதை விடுவித்த சீ நாட்டு மன்னனிடம், ஓர் உயிரின் ஓலத்தைக் கேட்டவனுக்கு அதன் ஊனை உண்ண மனம் வராது என்று இரக்கத்தின் இயல்பை விளக்கும்போது கூறியது அது. பின்வந்தோர் இரக்கத்தை விட்டுவிட்டு விலகலை மட்டும் கைக்கொண்டனர். சீன இலக்கியத்தில் உணவைப் பாடிய புலவர் பலராகவும், அடுப்பருகே நின்று கைப்பக்குவத்தைக் கேட்டறிந்து எழுதியோர் மிகச் சிலராகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுக்களை பெண்ணுக்குரியது என்று பழநூல்கள் வகுத்துவிட்டன. 'யீ ஜிங்' என்னும் தொன்னூலில் இல்லறத்தைப் பற்றிய பகுதியில், வீட்டின் உள்ளிருந்து உணவளிக்கும் கடமையைக் குறிக்க 'ஜோங்குவெய்' என்றொரு சொல் வருகிறது. மனைவியையும் மனையையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாக அது பிற்காலத்தில் நிலைத்தது. சொங் அரசர் காலத்ததாகக் கருதப்படும் ஒரு சிறு சமையல் நூலுக்கு அதுவே பெயர். உப்புக்கண்டம், ஊறவைத்த மீன், காய்கறிப் பக்குவங்கள், இனிப்புகள் என மூன்று பகுதிகளாய் அமைந்த அந்நூலை எழுதியவர் ஜெஜியாங் பகுதியின் பூஜியாங் ஊரைச் சேர்ந்த ஒரு பெண். அவரைப் பற்றித் தெரிவது அவ்வளவே. வூ குடும்பத்தார் என்னும் குறிப்பு உண்டு. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நூலில் இல்லை. எழுதியவரின் நிலையே இதுவென்றால், அவருக்குக் கற்றுக்கொடுத்த தாயும் பாட்டியும் அண்டை வீட்டாரும் எங்கே இடம்பெறப் போகிறார்கள்?

பிறர் வீட்டு அடுக்களைக்குள் மாணாக்கராக நுழைந்து, அதை வெட்கமின்றி எழுதியும் வைத்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் யுவான் மெய். 1716இல் ஹாங்சௌவில் பிறந்தவர், கவிஞர், நடுவராகப் பணியாற்றி, முப்பதுகளின் தொடக்கத்திலேயே பதவியைத் துறந்து நான்ஜிங் நகரில் 'சுயியுவான்' என்னும் தோட்டத்தை வாங்கிக் குடியமர்ந்தவர். 1792இல் வெளிவந்த அவருடைய உணவு நூலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பக்குவங்கள் உள்ளன. அவற்றைத் தாம் சேர்த்த விதத்தை முன்னுரையில் அவரே சொல்கிறார். எந்த வீட்டிலேனும் நல்லுணவு உண்டால், தம் வீட்டுச் சமையற்காரரை அந்த வீட்டு அடுப்படிக்கு அனுப்பி, மாணாக்கனுக்குரிய வணக்கத்தோடு அதைக் கற்றுவரச் செய்வார். இப்படி நாற்பது ஆண்டுகள். சிலவற்றை முழுமையாகக் கற்க முடிந்தது. சிலவற்றில் பத்தில் ஆறேழு பங்கு. சிலவற்றில் இரண்டு மூன்று பங்குதான். சில முற்றிலும் கைநழுவிப் போயின. நினைவில் தெளிவாக நில்லாதவற்றையும் இன்னார் வீட்டு இன்ன உணவு என்றேனும் பதிந்துவைத்தது மரியாதையின் பொருட்டு என்கிறார்.

சுவையில் செருக்குள்ள மனிதர் அவர் என்பதை மறைப்பதற்கில்லை. விருந்தில் மேசை நடுவே கனலும் கலத்தில் பலவற்றையும் இட்டு வேகவைக்கும் வழக்கத்தை அவர் கடிந்துரைத்த பகுதியைச் சிச்சுவான் மக்கள் எளிதில் மன்னிக்கமாட்டார்கள். ஆயினும் ஆடம்பரத்துக்கும் சுவைக்கும் இடையிலுள்ள தொலைவை அவரைப்போல் அறிந்தவர் அரியர். வணிகர் ஒருவர் இல்லத்தில் நாற்பது வகைக்கு மேல் பரிமாறப்பட்ட விருந்தில் அமர்ந்திருந்துவிட்டு, பசி தீராமல் வீடு திரும்பிக் கஞ்சி காய்ச்சிக் குடித்ததாக எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சமைத்த வாங் சியாவ்யூ என்பவர் மறைந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அடுப்பருகே அம்மனிதர் நிற்கும்போது கண் பாத்திரத்தைவிட்டு அகலாது, பிறர் அழைப்பது காதில் விழாது என்னும் குறிப்பு அதில் உண்டு. ஒரு சமையற்காரருக்கு வரலாறு எழுதிய புலவர் அக்காலத்தில் வேறு எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்!

அவருடைய நூலில் டோஃபு பற்றி மட்டும் பல குறிப்புகள் உள்ளன. சோயாப் பயற்றின் பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கும் இவ்வுணவு ஏழைக்கும் எட்டுவது. பக்குவம் பிசகினால் செல்வர் வீட்டிலும் வீணாவது. வாங் என்னும் ஆளுநர் வீட்டு டோஃபுவின் செய்முறை காங்சி பேரரசர் அமைச்சர் ஒருவருக்கு அளித்த பரிசு. அதை அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து எழுதி வாங்கவே அமைச்சர் ஆயிரம் வெள்ளி செலவிட்டார் என்று யுவான் மெய் பதிகிறார். அமைச்சரின் மாணாக்கருள் ஒருவர் அந்த ஆளுநரின் பாட்டனார். அவ்வழியே செய்முறை குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. பொருளும் உறவும் இருந்தால் அரண்மனைச் சுவரையும் கடந்து ஒரு சமையல் வெளியே வந்துவிடும் போலும்.

வராமற்போனது ஒரு சாதாரண வீட்டின் டோஃபுதான். 1758இல் ஓவியர் ஜின் நோங்குடன் யாங்சௌ நகரில் செங் லிவான் என்பவர் வீட்டில் யுவான் மெய் வறுத்த டோஃபு உண்டார். இருபுறமும் பொன்னிறம், ஒரு சொட்டுச் சாறும் ஒட்டவில்லை, சிப்பியின் சுவை மெல்லப் படர்ந்திருந்தது, ஆனால் தட்டில் சிப்பியோ வேறு எதுவோ இல்லை. மறுநாள் நண்பர் ஒருவரிடம் வியந்து சொல்ல, தம்மாலும் அதைச் செய்ய முடியும் என்றார் அவர். சொன்னபடியே அழைத்துப் பரிமாறினார். வாயிலிட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கோழி, குருவி ஆகியவற்றின் மூளையால் செய்த பொய் டோஃபு அது! செலவோ பத்து மடங்கு, சுவையோ பக்கத்திலும் வரவில்லை. செங் லிவானிடமே கேட்டுவிடலாம் என்றால், தங்கையின் சாவுச் செய்தி வந்து யுவான் மெய் விரைந்து ஊர் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு செங் லிவான் இறந்தார். அன்று கேளாமல் வந்ததற்காக முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வருந்திய அப்புலவர், என்றேனும் எங்கேனும் விசாரிக்கலாம் என்னும் நம்பிக்கையில் உணவின் பெயரை மட்டும் நூலில் விட்டுவைத்தார்.

இந்த வருத்தத்தில் ஒரு முரணும் உண்டு. முதுமையில் பெண்களுக்குக் கவிதை கற்பித்து, அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டு, அதனால் பழிச்சொல்லும் கேட்டவர் யுவான் மெய். அத்தகையவர் நூலிலும் உணவுகள் பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் பெயரோடும் பதவியோடுமே குறிக்கப்படுகின்றன. யீஜெங் நகரின் தென்வாயிலில் பணியாரம் செய்த சியாவ் என்னும் அழகியைப் போன்று ஓரிருவர் மட்டும் விலக்கு. செங் லிவான் வீட்டில் அன்று அந்தச் சட்டியைப் பிடித்திருந்த கை யாருடையது? அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுத் தலைவர் இறந்ததும் செய்முறையும் இறந்தது என்று அவர் கொண்டது சரிதானா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

பெண் ஒருத்தி தன் பெயரோடு வந்து தன் அடுக்களையைப் பற்றி எழுத மேலும் நூறாண்டுகளுக்கு மேல் சென்றன. ட்ஸெங் யி 1852இல் சிச்சுவானில் பிறந்தார். தாயார் கவிஞரும் ஓவியருமான ட்ஸுவோ சிஜியா. மகளும் கவிதை எழுதினார். அதோடு மருத்துவமும் கற்றார். அரசு அலுவலரான கணவருடன் பல மாகாணங்களில் வாழ்ந்த அவர், 1907இல் தம் நூல்கள் அச்சேறியபோது மருத்துவம், பெண் கல்வி ஆகியவற்றோடு இருபது பக்குவங்கள் கொண்ட ஒரு சமையல் நூலையும் சேர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயரும் 'ஜோங்குவெய் லூ'தான். யுன்னான் பன்றித்தொடை, மதுவில் ஊறிய நண்டு, சிச்சுவான் பயற்று விழுது எனக் கணவரின் பணி கொண்டுசென்ற ஊர்களின் சுவைகளும் பிறந்த மண்ணின் சுவையும் அதில் அருகருகே இருக்கின்றன.

அவருடைய எழுத்தில் புலவரின் வியப்பு இல்லை. செய்து பார்த்தவரின் கண்டிப்பு உண்டு. சிச்சுவான் ஊறுகாய்ச் சாடியைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். சாடியின் வாயைச் சுற்றி அகழிபோல ஒரு விளிம்பு. அதில் நீர் நிரப்பி, மூடியின் ஓரம் அந்நீரில் அமிழுமாறு கவிழ்த்தால் காற்று உள்ளே புகாது. நாவை மரக்கச் செய்யும் சிச்சுவான் மிளகையும் உப்பையும் இட்டுக் கொதிக்கவைத்த நீரில் சிறிது சாராயம் சேர்க்க வேண்டும். எந்தக் காயும் ஏற்றதே. காராமணியும் மிளகாயும் சிறப்பு. காயை வெயிலில் உலர்த்தாமல் போடலாகாது. பூஞ்சை பூத்தால் இன்னும் சிறிது சாராயம். ஒவ்வொரு முறை காய் இடும்போதும் உப்பும் மதுவும். விளிம்பு நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும்; வற்றவிடக் கூடாது. ஈரக்கையோடு ஊறுகாய்ச் சாடியைத் தொட்டு வசை வாங்கிய தமிழ் வாசகருக்கு இந்தக் குரல் அயலாகத் தோன்றாது. பயற்று விழுதுக்கும் இதே கண்டிப்புதான். மொச்சையை ஒத்த பெரும்பயற்றைத் தோல் நீக்கி, மாவு பூசி, வைக்கோல் மூடி இருட்டறையில் வைத்து, ஆறேழு நாளில் மஞ்சள் பூசணம் பூத்தபின் பகலில் வெயிலும் இரவில் பனியும் காட்டி, மிளகாய் பழுக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

மிளகாய் சீனத்துக்கும் வந்தேறியே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியே வந்த அச்செடியை 1591இல் காவ் லியன் என்பவர் தம் நூலில் குறிக்கும்போது, சிவந்த அழகுக்காக வளர்ப்பதாகவே குறிக்கிறார். பழைய காரப்பொருளின் பெயரோடு 'அயல்நாட்டு' என்னும் அடையைச் சேர்த்துச் சீனர் அதற்குப் பெயரிட்டனர்; மிளகோடு காயைச் சேர்த்துத் தமிழர் பெயரிட்டதும் ஏறக்குறைய அவ்வாறே. அழகுச்செடி அடுக்களைப் பொருளான கதையை எந்த நூலும் உடனுக்குடன் எழுதவில்லை. வீடுகள் அதை ஊறுகாயிலும் விழுதிலும் சேர்த்துச் சுவைத்துப் பழகி நெடுநாள் சென்றபின்பே எழுத்தில் வந்தது.

செங்டு நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாலம் ஒன்றன் அருகே சிற்றுண்டிக்கடை நடத்திய சென் குடும்பத்து மனைவி மிளகாயும் பயற்று விழுதும் சிச்சுவான் மிளகும் சேர்த்து டோஃபு சமைத்தார். எண்ணெய் சுமந்து செல்லும் கூலிகள் அவருடைய வாடிக்கையாளர் என்பது செங்டு மரபு. அவர் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. 'மாப்போ டோஃபு' என்றால் தழும்பு முகத்து மூதாட்டியின் டோஃபு என்று பொருள். இன்று உலகின் எத்தனையோ நகரங்களில் கிடைக்கும் உணவு அது. யாங்சௌவில் செங் லிவானின் பெயர் எஞ்சியது, சமையல் போயிற்று. செங்டுவில் சமையல் எஞ்சியது. பெயருக்குப் பதிலாகத் தழும்பு நின்றுவிட்டது.

பயணத்தையும் வீட்டுச் சமையலையும் முழுமையாக ஒன்று சேர்த்தவர் யாங் புவெய். 1889இல் நான்ஜிங் நகரில், பௌத்த நூற்பதிப்பால் புகழ்பெற்ற யாங் வென்ஹுயியின் பேத்தியாகப் பிறந்தார். டோக்கியோவில் மருத்துவம் பயிலச் சென்றபோது அங்குள்ள உணவு பிடிக்காமல் தாமே சமைத்துக்கொள்ளத் தொடங்கினார். நாடு திரும்பிப் பீக்கிங்கில் மருத்துவமனை தொடங்கி, 1921இல் மொழியறிஞர் ஜாவ் யுவான்ரெனை மணந்தார். சடங்கு ஏதுமில்லை. ஹூ ஷியையும் மற்றொரு நண்பரையும் வீட்டுக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறிவிட்டு, உணவு முடிந்ததும் சாட்சிக் கையொப்பம் இடுமாறு ஒரு தாளை நீட்டினர். அவ்வளவே திருமணம்.

ஜாவ் யுவான்ரென் சீனத்தின் வட்டார வழக்குகளை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தவர். 1927இல் வூ வழக்குகளுக்காக முப்பத்து மூன்று இடங்களில் ஆய்வு நடத்தி மறு ஆண்டே நூல் வெளியிட்டார். பின்னரும் தென்மாகாணங்கள் பலவற்றுக்குச் சென்றார். அவருடன் சென்ற பயணங்களில் யாங் புவெய் உள்ளூர்க் குடும்பங்களில் தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். சமைத்த விதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டார். கணவர் ஒலியைத் தேடிப் போன ஊர்களிலேயே மனைவிக்குச் சுவை கிடைத்தது. ஆனால் ஒலியை எழுதிக்கொள்ள மொழியியலில் குறியீடுகள் உண்டு. சுவைக்கு என்ன உண்டு? உப்பு எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் என்பார்கள். எவ்வளவு நேரம் என்றால் வேகும் வரை என்பார்கள். தீப்பதம் என்று சீனர் போற்றும் அந்த ஒன்றை எந்த அளவுகோலாலும் குறிக்க முடிவதில்லை. கேட்கும் வாய்ப்பில்லாத இடங்களில் உண்ட நினைவை மட்டும் வைத்து மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்து அவர் சில உணவுகளை மீட்டார். மருத்துவரின் பொறுமை இங்கே உதவியிருக்க வேண்டும்.

1937இல் ஜப்பானியப் படை நான்ஜிங்கை நெருங்கியது. மகள்களோடு நகரைவிட்டு வெளியேறிய குடும்பம் சாங்ஷா, குன்மிங் வழியாக 1938இல் ஹவாய் சென்று, பின்னர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தங்கியது. போரால் திரும்பிச் செல்ல இயலாதிருந்த காலத்தில், அந்த ஊர்களின் சமையலை அவர் எழுதத் தொடங்கினார். அவர் சீனத்தில் சொன்னதை மூத்த மகள் ரூலான் ஆங்கிலத்தில் எழுத, அந்த ஆங்கிலத்தில் சீனத்தின் நடை இல்லை என்று கணவர் திருத்தினார். வீட்டில் பூசல் குறைவில்லை என்பதை நூலின் முன்னுரையே நகைச்சுவையாக ஒப்புக்கொள்கிறது. 1945இல் இருநூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பக்குவங்களோடு நூல் வெளிவந்தது. பேர்ல் பக் அணிந்துரை எழுதினார். திருமண விருந்துண்ட ஹூ ஷி முன்னுரை வழங்கினார். பெருந்தீயில் சிறிது எண்ணெயில் விரைந்து கிளறும் சீன முறையைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் இந்நூலில் பிறந்ததே. உணவோடு உண்ணும் ஒழுக்கத்தையும் அவர் விரிவாக எழுதினார். யார் எங்கே அமர்வது, எவ்வளவு மறுத்தபின் ஏற்பது என்பனவெல்லாம் அதில் உண்டு.

அவர் கற்ற வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பது வேறொரு வரலாறு. 1958இல் மக்கள் கம்யூன்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டபோது வீட்டு அடுப்பு தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது. பொது உணவுக்கூடங்கள் எழுந்தன. பல ஊர்களில் அடுப்புகள் இடிக்கப்பட்டன. தமிழகத்து அடுக்களைகளில் இன்றும் சீனச்சட்டி என வழங்கும் அந்த அகன்ற இரும்புச்சட்டி, எஃகு உற்பத்திக்கென்று கொல்லைப்புற உலைகளில் உருக்கப்பட்டது. தொடக்கத்தில் வயிறார உண்டனர். சில மாதங்களில் தானியம் தீர்ந்தது. 1959 முதல் 1961 வரையான பஞ்சத்தில் மாண்டோர் தொகையை ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை அறிஞர் பலவாறு கணிக்கின்றனர். ட்ஸெங் யி பிறந்த சிச்சுவான், மிகுந்த உயிர்களை இழந்த மாகாணங்களுள் ஒன்று. 1961இல் உணவுக்கூடங்கள் கலைக்கப்பட்டு மக்கள் மீண்டும் வீட்டில் அடுப்பு மூட்டினர். ஊறுகாய்ச் சாடிகளும் விழுதுக் கலங்களும் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை. சமையலை அறிந்த முதியோரே பஞ்சத்தில் முதலில் சாய்ந்தவர்களில் இருந்தனர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1955இல் வந்த தானியச் சீட்டு 1993இல்தான் ஒழிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1994இல், ஃபுஷியா டன்லப் என்னும் ஆங்கிலேயப் பெண் உதவித்தொகை பெற்றுச் செங்டுவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சிறுபான்மை இனங்கள் பற்றிய ஆய்வு என்பது ஏட்டளவில் நோக்கம். நாள்களோ தெருவோரக் கடைகளிலும் நண்பர் வீட்டு அடுக்களைகளிலும் குறிப்பேட்டோடு கழிந்தன. பின்னர் அந்நகரின் சமையற் கல்லூரியிலேயே சேர்ந்தார். ஏறத்தாழ ஐம்பது மாணாக்கரிடையே பெண்கள் மூவர். பாடம் சிச்சுவான் வழக்கில்தான் நடந்தது. அம்மாகாணத்தார் வகுத்துவைத்திருக்கும் இருபத்து மூன்று கூட்டுச்சுவைகளை அங்கே முறையாகக் கற்றார். அவற்றுள் ஒன்றன் பெயர் 'மீன்மணம்'. மீன் துளியும் இல்லாத சுவை அது. ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சிறிது சர்க்கரை, சிறிது காடி ஆகியவை சேர்ந்த இக்கலவை, வீடுகளில் மீன் சமைக்கும்போது பயன்பட்டது. கத்தரிக்காய்க்கும் அதையே இட்டபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. வீட்டுப் பழக்கம் தெரியாதவருக்கு இந்தப் பெயர் என்றும் புதிராகவே இருக்கும். 2001இல் அவருடைய சிச்சுவான் நூலும் 2012இல் சீன வீட்டுச் சமையலை மட்டும் பொருளாகக் கொண்ட நூலும் வெளிவந்தன. கற்றுத்தந்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பது அவருடைய வழக்கம். அதே 2012இல் சீன அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய உணவு பற்றிய தொடரும் பெருஞ்சமையற்காரர்களைவிடச் சிற்றூர்க் குடும்பங்களின் முகங்களையே மிகுதியாகக் காட்டியது.

சிச்சுவானில் புதிதாக ஊறுகாய்ச் சாடி வைக்கும் வீட்டுக்கு, உறவினரோ அண்டை வீட்டாரோ தம் சாடியின் பழைய உப்புநீரில் ஒரு கிண்ணம் முகந்து தருவது வழக்கம். பல ஆண்டுகள் காய் இட்டு எடுத்து முதிர்ந்த நீர் அது. புதுநீரோடு கலந்ததும் அதன் புளிப்பும் மணமும் விரைவில் அமைந்துவிடும். ட்ஸெங் யியின் நூல் சாடியின் விளிம்பு முதல் சாராயத்தின் அளவு வரை சொல்கிறது. இந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய காலத்தில் அதைச் சொல்லவேண்டிய தேவை எழாமல் இருந்திருக்கலாம்.